யுங் விங் சரித்திரம்

கடல் கடந்து சென்று உயர்கல்வி பயில விரும்பும் நம் இளைஞர்க்குப் பொருளுதவி செய்யுங்கால், அவர்பால் எவ்வகை வாக்குறுதி பெறுதல் தகும் என்னும் வினா சென்ற பொதுக்கூட்டத்தில் எழுந்து, நெடுநேரம் வாதிக்கப்பட்டு, முடிவின்றி நின்றதை அன்பர்கள் மறந்திரார். பத்திரம் எழுதி வாங்கிய பின்னரே பணம் தரல் வேண்டும் என்றனர் சிலர். அங்ஙனம் வாங்குதல் கொடைக்கு இழுக்கு என்றனர் வேறு சிலர். யாம் அன்று வாய் திறந்திலேம். வீடு திரும்பிய பின்னர் எம் நினைவில் எழுந்தது சீன தேசத்துப் பெரியார் ஒருவருடைய வரலாறு. பிறர் பொருளால் அயல்நாடு சென்று கற்றவர் அவர். பின்னர் அரசாங்கப் பொருளைக் கொண்டு 120 சிறுவரை அவ்வாறே அனுப்பியவரும் அவரே. கொடுப்போர் நிலையும் கொள்வோர் நிலையும் ஒருங்கே அறிந்தவர் ஆதலின், அவர் சரித்திரத்தை ஈண்டு எழுதலாயினேம்.

யுங் விங் என்பார் 1828ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 17ஆம் நாள், தென்சீனத்திற் போர்த்துக்கேசியர் வசமிருந்த மக்காவோ நகருக்கு அணித்தாகிய நான்பிங் என்னும் சிற்றூரில் ஓர் ஏழைக் குடியிற் பிறந்தார். அந்நாளிற் சீனர்க்குக் கல்வி என்பது பண்டைச் சான்றோர் நூல்களை நெட்டுருச் செய்து, அரசாங்கப் பரீக்ஷைகளில் தேறி, அதிகாரியாய் அமர்தலே. மூத்த மகனை அவ்வழியிற் செலுத்திய தந்தையார், இவரை மட்டும் 1835ஆம் ஆண்டில் மக்காவோவிலே கட்ஸ்லாப் என்னும் பாதிரியாரின் மனைவியார் நடத்திய பள்ளியிற் கொண்டுபோய் விட்டார். வெளிநாட்டார் வாணிகம் பெருகி வந்த காலமாதலின், ஆங்கிலம் அறிந்த பிள்ளை துபாஷியாய்ப் பிழைத்துக்கொள்வான் என்று கருதினார் போலும்.

அப்பள்ளி பெரிதும் பெண்பிள்ளைகட்கு உரியது. மேன்மாடத்தில் அடைபட்டுக் கிடந்த ஏழு வயதுச் சிறுவர், பெண்பிள்ளைகள் சிலரைச் சேர்த்துக்கொண்டு படகேறித் தப்பியோட முயன்று அகப்பட்டார். தலையில் உயர்ந்த காகிதக் குல்லாய் கவித்து இவரை மேசைமேல் நிற்கவைத்து, ஏனைய பிள்ளைகளுக்கு இவர் கண்முன்னே நாரத்தை போன்ற இனிய பழங்களைப் பங்கிட்டார் அவ்வம்மையார். எழுபது ஆண்டு கழித்துத் தம் வரலாற்றை எழுதியபோதும் யுங் விங் அவமானத்தையும் பழத்தையும் மறந்திலர். உபாத்தியாயர்களாகிய எம்போல்வார் கருதத்தக்க செய்தி இது.

1839இல் அப்பள்ளி மூடப்பட்டது. மறுவருஷம், அபினியின் பொருட்டு ஆங்கிலேயர் சீனரோடு போர் தொடுத்திருந்த நாளிலே, தந்தையார் காலமானார். கைம்பெண்ணாகிய தாய்க்கு நான்கு மக்கள், கையிற் காசில்லை. பன்னிரண்டு வயதினராகிய யுங் விங் வைகறையில் எழுந்து ஊர் ஊராய் மிட்டாய் விற்றார். அவ்வியாபாரம் ஓய்ந்த பருவத்தில் தமக்கையாரோடு அறுவடை வயல்களிற் சிந்திய கதிர் பொறுக்கினார். ஒருநாள் அறுப்பு மேஸ்திரி, இப்பையனுக்கு வெள்ளையர் பேச்சுத் தெரியும் எனக் கேள்வியுற்று அதனைச் சொல்லிக்காட்டப் பணித்தான். சேற்றில் நின்றவாறே இவர் ஆங்கில நெடுங்கணக்கை ஒப்பித்தார். களித்த மேஸ்திரி சுமக்கமாட்டாத அளவு நெற்கட்டுகளை அளித்து விடுத்தான். இவர் கற்ற கல்விக்குக் கிடைத்த முதற்சன்மானம் அந்நெல்லே. பின்னர் மக்காவோவில் ஓர் அச்சுக்கூடத்திற் காகிதம் மடிக்கும் வேலை கிடைத்தது. மாதம் நாலரை டாலர் சம்பளம். உணவுக்கு ஒன்றரை போக, மூன்று டாலரையும் அன்னையாருக்கே அனுப்பிவந்தார்.

அதன் பின்னரே நல்லூழ் வந்து கூடிற்று. மாரிஸன் பாதிரியார் பெயரால் நிறுவப்பட்ட பள்ளியில் 1841இல் ஆறாம் மாணாக்கராய் இவர் சேர்ந்தார். அதன் தலைவர் சாமுவேல் ராபின்ஸ் பிரௌன் என்னும் அமெரிக்கர், பொறுமையும் தெளிவும் ஒருங்குடைய நல்லாசிரியர். பள்ளி 1842இல் ஹாங்காங்குக்கு மாறிற்று. நான்காண்டு சென்றபின் ஒருநாள் பிரௌன், தம் உடல்நலம் குன்றியமையால் தாய்நாடு திரும்பவிருத்தலையும், விரும்பும் மாணாக்கர் சிலரை உடனழைத்துப் போகக் கருதுதலையும் வகுப்பிலே அறிவித்து, வருவோர் எழுந்து நிற்கலாம் என்றார். வகுப்பு முழுதும் வாயடைத்திருந்தது. முதலில் எழுந்தவர் யுங் விங். அடுத்து வாங் ஷிங், வாங் பூன் என்னும் இருவர்.

இங்கே பொருளுதவி புரிந்தோரைப் பற்றிச் சிறிது நின்று கூறல் வேண்டும். ஹாங்காங்கிற் பத்திரிகை நடத்திய ஆண்ட்ரூ ஷார்ட்ரீட் முதலாய சிலர், இம்மூவர்க்கும் இரண்டாண்டுச் செலவை ஏற்றனர். அம்மட்டோ! பிள்ளைகள் அயல்நாட்டில் இருக்குங்காறும் அவர்தம் பெற்றோர் இடர்ப்படாதவாறு அவர்க்கும் இரண்டாண்டு உதவித்தொகை அளித்தனர். கப்பற் கட்டணத்தை ஆலிபண்டு என்னும் வணிகர் குழுவினர் வாங்காது விட்டனர். ஏழை வீட்டுப் பிள்ளை படிக்கப்போவதாயின் அவன் ஈட்டும் சம்பளமும் வீட்டைவிட்டுப் போகின்றது என்பதை உணர்ந்து கொடுத்த கொடை இது. நம் சங்கத்து விண்ணப்பத் தாளில் மாணாக்கனுடைய மதிப்பெண்களைக் கேட்டிருக்கின்றோம். அவன் வீட்டில் அடுப்பெரிவது யார் உழைப்பால் என்று கேட்டோமில்லை. யுங் விங்குடைய அன்னையார் அழுது, மனம் ஒவ்வாது, ஏனைய மக்கள் மூவர் தம்மோடிருத்தலை எண்ணி ஒருவாறு விடைகொடுத்தார்.

1847 ஜனவரி 4இற் புறப்பட்ட ஹண்ட்ரஸ் என்னும் பாய்க்கப்பல் தேயிலைச் சரக்கேற்றி நன்னம்பிக்கை முனையைச் சுற்றி 98 நாளில் நியூயார்க் சேர்ந்தது. மாஸசூஸெட்ஸ் மாகாணத்து மான்ஸன் என்னும் ஊர்ப் பள்ளியில் மூவரும் பயின்றனர். தம் அறையைத் தாமே துலக்கி, விறகும் தாமே அறுத்துக்கொண்டனர். அடுத்த ஆண்டே நோய்வாய்ப்பட்ட வாங் ஷிங் ஊர் திரும்பினார்.

ஒப்புக்கொண்ட தவணை முடியும் காலம் நெருங்கிற்று. ஸ்காத்துலாந்து தேசத்து எடின்பரோ சர்வகலாசாலையில் ஒரு தொழிற்கல்வி பயில்வதாயின் உதவி நீடிக்கும் என ஹாங்காங்குப் புரவலர் தெரிவித்தனர். வாங் பூன் அதனை ஏற்று 1850இற் சென்று மருத்துவராய் வெளிவந்து, தம் நாட்டார்க்குப் பெரும்பணி ஆற்றினார். ஆதலின் அந்நிபந்தனையை யாம் குறைகூறோம். யுங் விங்கின் உள்ளமோ யேல் கலாசாலையையே நாடிற்று. மான்ஸன் பள்ளியாரிடம் ஏழை மாணாக்கர்க்கென ஒரு நிதி இருந்தது. அதனைப் பெறுவோர், படிப்பு முடிந்தபின் பாதிரித் தொழில் மேற்கொள்வதாகக் கையெழுத்திடல் வேண்டும். யுங் விங் கிறிஸ்து மதத்தைத் தழுவியவரே; அத்தொழிலை இழிவாய்க் கருதினவரும் அல்லர். எனினும் தம் நாட்டிற்கு எவ்வழியில் மிகுந்த பயன் தரலாகும் என்பது தமக்கே இன்னும் புலனாகாதபோது, ஒரே வழியில் தம்மை முன்னரே கட்டிக்கொள்ள மாட்டேன் என்று மறுத்துவிட்டார். கையிற் காசில்லாத 21 வயது இளைஞர், தம்மீது அன்பு பூண்ட பெரியோர்முன் நின்று மறுத்த மறுப்பு அது. பெரியோரும் சினந்திலர் என்பது குறிக்கத்தக்கது. தென்மாகாணமாகிய ஜார்ஜியாவில் ஸவான்னா நகரத்து மாதர் சங்கம் ஒன்று, பிரௌன் வாயிலாகச் செய்தி அறிந்து, எவ்வுறுதியும் கேளாது உதவ முன்வந்தது.

1850இல் யேல் புகுந்தார். லத்தீன் பயின்றது 15 மாதம், கிரேக்கம் 12 மாதம் என்னும் அளவிற் சென்றவர் ஆதலின் முதலாண்டு பெரிதும் இடர்ப்பட்டார். கணிதம் இவருக்கு எட்டிக்காயாய் இருந்தது. ஆங்கில வியாசம் எழுதுவதிலோ இரண்டு தவணை முதற்பரிசு பெற்றார். உடன்பயில்வோர் இருபதின்மர் சேர்ந்து உண்ணும் விடுதிக்குச் சாமான் வாங்கிப் பரிமாறித் தம் உணவுச் செலவை ஈட்டினார். சொற்போர்க் கழகம் ஒன்றின் நூல்நிலையத்திற் பணிபுரிந்தார். 1854இற் பட்டம் பெற்றார். அமெரிக்கக் கலாசாலைப் பட்டம் பெற்ற முதற்சீனர் இவரே. தாம் பெற்ற கல்வியைத் தம் நாட்டு இளைஞரும் பெறல் வேண்டும் என்னும் எண்ணம் கல்லூரியின் இறுதியாண்டிலேயே இவருள்ளத்தில் உறுதிப்பட்டது.

அவ்வாண்டு நவம்பரிற் புறப்பட்டு 154 நாட் கடற்பயணத்தின் பின் ஹாங்காங்கை அணுகியபோது நிகழ்ந்ததொன்றைத் தமிழ் கற்பிக்கும் யாம் சொல்லாது விடற்கில்லை. துறைமுகத்து வழிகாட்டி மாலுமியாகிய சீனன் கப்பலில் ஏறினான். பக்கத்திற் பாறைகளும் மணல்திட்டுகளும் உளவோ என அவனைக் கேட்டறிந்து சொல்லுமாறு கப்பல் தலைவர் யுங் விங்கைப் பணித்தார். தாய்மொழியில் அச்சொற்கள் இவர் நாவில் எழவில்லை. ஆங்கிலம் சிறிது அறிந்திருந்த அம்மாலுமியே, பாறைக்கும் திட்டுக்கும் சீனச் சொற்களை இவருக்கு எடுத்துரைத்தான். சூழ நின்றோர் நகைத்தனர். எம்மிடம் பயின்று கடல் கடந்த மாணாக்கன் ஒருவன் ஈராண்டு கழித்து விடுத்த கடிதத்தில் ரகர றகர வேறுபாடு முற்றும் ஒழிந்திருக்கக் கண்டு ஓர் இரவு உறங்காதிருந்தோம். எட்டாண்டில் இது நேர்ந்தது வியப்பன்று. யுங் விங் நகைப்பைப் பொறுத்துக்கொண்டு, கான்டன் நகரில் ஆறு திங்கள் தங்கித் தம் மொழியை மீளவும் கற்றார்.

மக்காவோவில் அன்னையாரைக் கண்டார். பட்டம் எத்துணைப் பணம் ஈட்டித் தரும் என்று வினவிய அன்னைக்கு, அது பணத்தினும் பெரிதாய ஆற்றலை ஈட்டித் தருவது என விளக்க முயன்றார். தமையனார் மீசை வளர்க்காதிருக்கத் தம்பி வளர்த்தல் தகாது என்று அன்னையார் சொல்ல, உடனே சென்று மழித்துக்கொண்டு வந்தார். யேல் பட்டதாரி என்னும் எண்ணம் அங்கே குறுக்கே நின்றிலது.

அப்பால் சில ஆண்டுகள் வேலையும் மனநிறைவும் ஒருங்கே கிடையாது அலைந்தார். ஹாங்காங்கில் நியாயவாதித் தொழில் பயில முற்பட்டபோது ஆங்கிலேய நியாயவாதிகள் ஒன்றுகூடித் தடுத்தனர். சாங்காய் நகரத்துச் சுங்கத்தில் துபாஷியாய் அமர்ந்தவர், அங்கே கைக்கூலி மலிந்திருத்தலையும், சீனர் எவரும் உயர்பதவி எய்தலாகாது என்னும் வழக்கையும் கண்டு நான்கு மாதத்தில் நல்ல சம்பளத்தை உதறினார். 1860இல் தைப்பிங் என்னும் புரட்சியாளரின் தலைநகராகிய நான்கிங்குக்குச் சென்று பார்த்தார். அவர் அளித்த பட்டத்தை ஏற்றிலர். தேயிலை வாணிகமும் செய்தார்.

1863இல் ஸெங் குவோபான் என்னும் பேரதிகாரி இவரை அழைப்பித்தார். பழைய முறையிற் கற்றுத் தேறிய பெரும்புலவர். அதே வேளையில் தம் நாட்டின் குறை அறிந்தவர். யந்திரங்கள் வாங்கி வருமாறு 68,000 தாயெல் வெள்ளியை இவரிடம் ஒப்படைத்து அமெரிக்காவுக்கு விடுத்தார். உள்நாட்டுப் போரிற் சிக்கியிருந்த அந்நாட்டிற் பிட்ச்பர்க் என்னும் ஊர்த் தொழிற்சாலையிற் செய்வித்த யந்திரங்கள் 1865இல் வந்து சாங்காய் ஆயுதசாலையிற் சேர்ந்தன. ஒரு காசும் கணக்கிற் பிசகவில்லை. நம்பிக்கை இவ்வாறு வேரூன்றிய பின்னரே தம் நெடுநாள் விருப்பத்தை வெளியிட்டார் யுங் விங். 1868இல் விண்ணப்பம் எழுதினார். தலைநகரில் ஆதரிக்கவல்ல அமைச்சர் ஒருவர் அன்னையை இழந்து வழக்கப்படி துக்கம் காக்க அலுவல் விட்டமையால் அது கிடப்பில் விழுந்தது. 1870இல் ஸெங் குவோபானும் பிறரும் மன்னர்க்கு விண்ணப்பிக்க உடன்பட்ட செய்தியை நள்ளிரவில் எழுப்பிச் சொல்லக்கேட்ட இவர், அதன்பின் அன்றிரவு உறங்கிலர். பட்டம் பெற்றுப் பதினாறு ஆண்டு கழிந்திருந்தன.

திட்டம் வருமாறு: ஆண்டுக்கு 30 பேராக நான்காண்டில் 120 சிறுவர், பன்னிரண்டு வயதளவில் அனுப்பிப் பதினைந்தாண்டு பயிற்றுவித்தல், செலவு சாங்காய் சுங்க வருமானத்திலிருந்து. சீன மொழியும் நூல்களும் மறவாதிருத்தற்கு ஆசிரியர் இருவர் உடன்செல்வர். இடையில் நோயாலோ விபத்தாலோ எது நேரினும் அரசாங்கத்தார்மேற் பழியில்லை எனப் பெற்றோர் கையெழுத்திடல் வேண்டும். பதினைந்தாண்டுக்கு மகனைப் பிரிய எந்தப் பெற்றோர் உடன்படுவர்? பெருங்குடியினர் எவரும் வந்திலர். முதற்குழு நிரம்பாமையின் யுங் விங் ஹாங்காங்குப் பள்ளிகளுக்குச் சென்று ஆள் தேடினார். வந்தவருட் பெரும்பாலோர் கான்டன் மாகாணத்தார். இவர் பிறந்த பகுதியைச் சார்ந்தோர் பலர். முதற்குழு 1872 கோடையிற் கப்பலேறிற்று. அதனைக் காண ஸெங் குவோபான் உயிரோடிருந்திலர். அவ்வாண்டு மார்ச்சிலேயே மறைந்தார்.

கனெக்டிகட் மாகாணத்து ஹார்ட்போர்டு நகரைத் தலைமையிடமாக்கிச் சிறுவரை இருவர் மூவராக நல்ல குடும்பங்களில் அமர்த்தினர். பட்டு அங்கியும் நீண்ட பின்னலுமாய் இறங்கிய பிள்ளைகள் விரைவில் ஆங்கிலம் பேசினர், பந்தாடினர், வகுப்பிற் பரிசு பெற்றனர். யுங் விங்கும் 1875இல் மேரி கெல்லாக் என்னும் அமெரிக்க மாதை மணந்தார். இதற்கிடையே 1874இற் பெரு தேசம் சென்று, அங்கே கூலிகளாய் விற்கப்பட்ட சீனர் முதுகிற் பதிந்த கசையடித் தழும்புகளைப் புகைப்படம் எடுத்துத் தம் அரசாங்கத்தார்க்கு அளித்தார். கல்விக்குப் போன சீனரும் கரும்புக்குப் போன சீனரும் ஒரே மாகாணத்து மக்கள் என்பதை அவர் மறந்திலர்.

இனி வருவது துயரப் பகுதி. இவரோடு தலைமை பூண்ட சென் லான்பின் பழைய கல்வியாளர். சிறுவர் விளையாட்டும் உடையும் தொழுகையிடம் புகுதலும் ஒவ்வொன்றும் அவருக்கு முள்ளாய் உறுத்தின. 1876இல் வந்த வூ ஜிடெங் என்பார், பிள்ளைகள் சீன நூல்களைப் புறக்கணித்தனர், பெரியோரை வணங்கிலர், மீண்டாலும் நாட்டுக்கு உதவார் என்று ஓயாது எழுதினார். அரச விசுவாசத்தின் அடையாளமாகிய பின்னலைக் கத்தரித்தோரும், மதம் மாறினோரும் திருப்பி அனுப்பப்பட்டனர். இக்குற்றச்சாட்டு முழுதும் பொய் என்று யாம் கூறோம். தாய்மொழி நாவினின்று எவ்வளவு விரைவில் நழுவும் என்பதை யுங் விங்கினும் அறிந்தவர் யார்? சீன நூற்பயிற்சியை இன்னும் சுவையுற அமைத்திருக்கலாம். ஆயினும் ஆசிரியர் பயிற்றும் முறையில் குறையிருப்பின் ஆசிரியரை மாற்றுவது முறை. பள்ளியை இடிப்பது முறையன்று.

மற்றொரு கேடு எதிர்ப்பக்கத்தினின்று வந்தது. மாணாக்கர் சிலரைத் தரைப்படை கடற்படைக் கலாசாலைகளிற் சேர்க்கக் கேட்டபோது அமெரிக்க அரசாங்கத்தார் இடமில்லை என்றனர். 1868இற் செய்த உடன்படிக்கைக்கு அது மாறானது. சீனர்மீது அந்நாட்டு மேற்குக்கரையிற் பகைமை வளர்ந்து வந்த காலம் அது. இரு பகையும் ஒன்றுகூட, 1881இல் திரும்பி வருமாறு ஆணை பிறந்தது. யேல் தலைவர் நோவா போர்ட்டர் நெடுங்கடிதம் எழுதினார். டுவிச்செல் பாதிரியாரும் நாவலாசிரியர் மார்க் டுவெயினும் ஜெனரல் கிராண்டிடம் சென்று, அவரைக் கொண்டு அமைச்சர் லி ஹங்சாங்குக்கு எழுதுவித்தனர். பயனில்லை. அறுபதின்மரளவில் அப்போது கலாசாலைகளிற் பயின்றுகொண்டிருந்தனர். பட்டம் முடித்திருந்தோர் இருவரே. கப்பலுக்குக் காத்திருந்த நாளில் ஓக்லாந்து ஊர்ப் பந்தாட்டக் குழுவினர் இவர்களை எளியர் எனக் கருதி ஆட அழைத்துத் தோற்றனர் என்பர்.

சாங்காயில் இறங்கிய பிள்ளைகளை வரவேற்பார் இல்லை. காவலர் சூழ நடத்திச் சென்று பழைய கட்டடம் ஒன்றிற் சில நாள் அடைத்து வைத்தனர். பின்னர், பயின்ற துறை எது என்று பாராமலே தந்திக்கும் கடற்படைக்கும் பிறவற்றுக்கும் பங்கிட்டனர். பட்டம் முடித்த இருவருள் ஒருவரான ஜேம் தியென் யோ யேலில் இருப்புப்பாதைத் தொழில் கற்றவர். அவரையும் கப்பற் பள்ளிக்கே அனுப்பினர். ஏழாண்டு கழித்தே அவர் இருப்புப்பாதைப் பணியில் அமர முடிந்தது. அயல்நாட்டுப் பொறிஞர் துணையின்றி, செங்குத்தான மலையிற் சுரங்கம் குடைந்தும், வண்டி முன்னும் பின்னுமாய் வளைந்தேறும் தடம் அமைத்தும், பீக்கிங்கிலிருந்து கால்கான் வரை 1905 முதல் 1909 வரையில் அவர் போட்ட பாதை சீனர் தாமே அமைத்த முதற்பெரும் இருப்புப்பாதை எனப் போற்றப்படுகின்றது. பூச்சௌ துறைமுகத்தில் 1884இற் பிரெஞ்சுக்காரரோடு நிகழ்ந்த போரில் உயிர்நீத்தோரும் இம்மாணாக்கருட் சிலர். தந்தி, சுரங்கம், தூதாண்மை ஆகிய துறைகளில் தலைமை எய்தினோர் பலர்.

யுங் விங்கின் பிற்காலம் கசப்பு மிகுந்தது. 1886இல் மனைவியார் இரு புதல்வரை விட்டு மறைந்தார். 1895இற் சீனம் மீண்டு வங்கியும் இருப்புப்பாதையும் நிறுவ முயன்றவை நிறைவேறவில்லை. 1898இல் இளம் பேரரசர் தொடங்கிய சீர்திருத்தம் நூறு நாளில் நசுக்கப்பட்டபோது, சீர்திருத்தக்காரர் கூடிய இல்லம் இவருடையது ஆதலின் தப்பியோட நேர்ந்தது. அவ்வாண்டிலேயே அமெரிக்க அரசாங்கத்தாரும், 1852இல் இவர் பெற்ற குடியுரிமை இனிச் செல்லாது என அறிவித்தனர். பிறந்த நாட்டில் தலைக்கு ஆபத்து. கற்ற நாட்டிற் குடியாகும் உரிமை இல்லை. எனினும் 1902இல் அமெரிக்காவுக்குள் புகுந்து, இளைய மகன் யேலிற் பட்டம் பெறுதலைக் கண்ணாரக் கண்டார். 1909இல் தம் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்டார். அவர் அளித்த ஆயிரத்துக்கு மேற்பட்ட சீன நூல்களே யேல் கலாசாலையின் சீன நூற்றொகுதிக்கு அடிப்படையாயின.

1912ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் ஹார்ட்போர்டில் அவர் ஆவி நீத்தார். அந்நகரத்து இடுகாட்டிலேயே அடக்கஞ் செய்யப்பட்டார். சீனத்தில் முடியரசு ஒழிந்து குடியரசு பிறந்து சில திங்களே ஆகியிருந்த காலம் அது. அக்குடியரசின் முதல் தலைமையமைச்சராய் அப்போது அமர்ந்திருந்தவர் டாங் ஷாவோயி என்பார். 1874இல் மூன்றாங் குழுவிற் கப்பலேறி, படிப்பு முற்றுமுன் 1881இல் திருப்பியழைக்கப்பட்ட சிறுவருள் ஒருவர்.